கடைமடையைக் கேட்டு எழுதுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று அந்தக் கடலோரத்தில் எந்த ஊராட்சியிலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அதற்கு ஓராண்டு முன்பு ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடியபோதும் இதே நிலைமைதான். கஜா கடந்த வழியில் தென்னந்தோப்புகள் சரிந்து கிடந்தன, கூரைகள் பறந்திருந்தன, கடல் சேற்றை வாரி உப்பளங்களில் கொட்டியிருந்தது. எந்தத் தெருவில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்தக் குடிசைக்குப் பட்டா இல்லாததால் நிவாரணப் பட்டியலில் இடம் கிடைக்காது என்று சொல்லிக் கேட்க வேண்டிய வார்டு உறுப்பினர் பதவி இரண்டாண்டாகக் காலியாக இருந்தது.

27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் மாமன்றமும் நகர்மன்றமும் திரும்பக் கிடைத்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. மாவட்டப் பிரிப்பால் 28 ஆகியிருந்த அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். 12,525 ஊராட்சிகளை 388 ஒன்றியங்களுக்குப் பங்கிட்டால் ஓர் அலுவலர் தலையில் சராசரியாக 32 ஊர்கள் விழுகின்றன. எவ்வளவு நல்ல அலுவலரானாலும் 32 ஊர்களின் வடிகாலையும் மனத்தில் வைத்திருக்க முடியாது.

தேர்தல் கதையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் தகவமைப்புத் திட்டங்களைத் தமிழ்நாடு மும்முரமாக வகுத்துவரும் ஆண்டுகள் இவை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. 38 மாவட்டங்களிலும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் அமைக்கப்பட்டது. ஆட்சியர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். ஒரு மாநில அரசு மாவட்ட அளவுக்கு இறங்கி இப்படி ஒரு கட்டமைப்பை உருவாக்கியது பாராட்டத்தக்க காரியம். நாட்டில் பல மாநிலங்கள் இந்த அளவுக்கு யோசிக்கவே இல்லை. ஆனால் இந்த அமைப்பின் தலைமைப் பொறுப்புகள் இரண்டும் சென்னையிலிருந்து நியமிக்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு மாவட்டத்துக்கு மாறிச் செல்பவர்களிடம் இருக்கின்றன. இந்த அமைப்பு வகுக்கும் திட்டத்தின் சரியையும் பிழையையும் முப்பது ஆண்டுகள் சுமந்து வாழப்போகிறவர்களின் பிரதிநிதிக்கு, திட்டம் எழுதி முடிக்கப்படும் முன் கட்டாயமாகக் கேட்கப்படும் உரிமை வேண்டும். கேட்டது எப்படிச் சேர்க்கப்பட்டது, அல்லது ஏன் சேர்க்கப்படவில்லை என்ற எழுத்துபூர்வமான பதிலும் வேண்டும்.

காவிரி டெல்டாவின் வால்பகுதியைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். வெண்ணாற்று உபவடிநிலத்தில் காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே ஒரு பெரிய திட்டம் நடந்திருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் அதற்கு 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. நாகை, திருவாரூர் மாவட்டங்களில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைத் தூர்வாரிக் கரைகளைப் பலப்படுத்துவதும், கடைமடை இயக்கு அணைகளைச் சீரமைப்பதும் அதன் வேலை. கடல்மட்டம் உயரும்போது உப்புநீர் உள்ளே ஏறாமலும், பெருமழையில் வெள்ளம் வயலில் தேங்காமலும் பார்த்துக்கொள்வது நோக்கம்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெல்டாவின் கடலோரம் கைத்தாம்பாளம்போல் தட்டையான நிலம். மேட்டூர் திறந்தும் தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் பயிர் காயும். நவம்பரில் பெய்து தீர்த்தால் அதே வயலில் தண்ணீர் வடியாது. புயல் நேரத்தில் கடல் பொங்கி முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்க, ஆறு பின்வாங்கும். ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால் சம்பாவின் இளம் பயிர் அழுகிவிடும். ஆகவே கடைமடை விவசாயிக்கு மழை எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிடத் தண்ணீர் எத்தனை நாளில் வடியும் என்பதே வாழ்வா சாவா என்ற கேள்வி. அதற்குப் பதில் பேராற்றில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி சிறு வாய்க்கால்களில் கிடக்கிறது.

டெல்டாக்காரர்கள் வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று பிரித்துச் சொல்வார்கள். ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களான ஏ, பி பிரிவுகள் நீர்வளத் துறையின் கணக்கில் வருகின்றன. ஜூன் 12-க்கு முன் மேட்டூர்த் திறப்பையொட்டி அவற்றைத் தூர்வாரும் பணி ஆண்டுதோறும் நடக்கிறது. வயலை ஒட்டி ஓடும் சி, டி வாய்க்கால்களின் நிலை வேறு. ஒரு வருடம் வேலை உறுதித் திட்டம், மறு வருடம் வேளாண் பொறியியல் துறை, இன்னொரு வருடம் ஊரார் தலைக்கட்டு வசூல் என்று யார் கையில் பணம் இருக்கிறதோ அவர்கள் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒலிக்கும் கோரிக்கை, ‘சி, டி வாய்க்காலையும் தூர்வாருங்கள்’ என்பது. ஆற்றைக் கோடிக்கணக்கில் செலவழித்து அகலப்படுத்திய பிறகும் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் வாய்க்கால் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் அந்த ஊரின் பயிருக்கு விமோசனம் கிடையாது. எந்த வாய்க்கால், எந்தக் குமிழி, புதிதாக உயர்த்தப்பட்ட எந்தச் சாலையின் கீழே பாலத்தின் கண் போதவில்லை என்பது ஊராட்சித் தலைவருக்குத் தெரியும், நீர்பாய்ச்சும் கூலியாளுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது.

அரசமைப்புச் சட்டம் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் பதினோராவது அட்டவணையில் 29 துறைகளை ஊராட்சிகளுக்குரியவையாகப் பட்டியலிட்டது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, மீன்வளம், சமூகக் காடு, குடிநீர், சாலை, சிறுபாலம் எல்லாம் அதில் உண்டு. தகவமைப்பு என்று இன்று பெயரிட்டு அழைக்கும் காரியங்களில் முக்கால்வாசி அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும். அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த விருப்பம் சுருங்கியே இருக்கிறது.

ஏரி, குளங்களின் கதையும் இதேதான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மேலே இருக்கும் சிறு குளம் உடைந்தால் கீழே இருக்கும் பெரிய குளத்தின் கரையில் மோதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பொங்கியது ஒருபுறமிருக்க, குளங்கள் அடுத்தடுத்து உடைந்து ஊர்களைத் தீவாக்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. உள்ளே சிக்கியிருந்த பயணிகளுக்குப் பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது அதற்குப் பிறகுதான். ஆபத்தில் முதலில் வந்து நிற்கும் இந்த ஊர்களை, ஆபத்தைத் தடுக்கத் திட்டமிடும்போது கடைசியில் நிறுத்துவது பெரும் அநீதி.

நகரத்திலும் இந்தக் குறை உண்டு. சென்னைப் பெருநகர மாநகராட்சி தனது காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவை 2022-இல் வெளியிட்டபோது அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்பே தமிழ் வடிவம் வந்தது. கருத்துக் கேட்பு என்பது சம்பிரதாயமாக இருந்தால் இந்த வரிசை பிழையாகத் தோன்றாது. பள்ளிக்கரணையில், எண்ணூரில், வியாசர்பாடியில் ஒவ்வொரு மழைக்கும் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றும் குடும்பத்தைத்தான் கேட்கிறோம் என்ற நினைப்பிருந்தால், தமிழ் வடிவம் முதலில் வந்திருக்கும்.

இதற்கு முன்பே மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்பித்திருக்கிறது. சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டில் மத்திய அரசிடம் அறிக்கை தந்தது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற இறுதி முடிவைக் கிராம சபைகள் வரை கொண்டுசென்று விவாதித்து எடுக்க வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்தியது. அரசோ அறிக்கையை மாதக்கணக்கில் பூட்டிவைத்து, தகவல் உரிமைப் போராட்டத்துக்குப் பின் 2012 மே மாதம்தான் வெளியிட்டது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. வீடு கட்ட முடியாது, மாடு வளர்க்க முடியாது, எல்லாரையும் வெளியேற்றப் போகிறார்கள் என்று கேரளத்தின் இடுக்கியிலும் வயநாட்டிலும் பேச்சு பரவியது. மக்களைக் கேட்கச் சொன்ன அறிக்கையையே மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். கேட்காமல் எழுதினால் மட்டுமல்ல, எழுதியதை மறைத்தாலும் நல்ல திட்டம் செத்துப்போகும்.

அதே கேரளம் வேறொரு வழியையும் காட்டுகிறது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தில் மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கைக்குப் போனது. இருபது ஆண்டுகள் வரவு செலவு பார்த்துப் பழகிய ஊராட்சிகள் என்பதால், காலநிலை பற்றிப் பேச வேண்டிய காலம் வந்தபோது அவை தடுமாறவில்லை. வயநாட்டின் மீனங்ஙாடி ஊராட்சி 2016-இல் கரிமச் சமநிலை ஊராட்சியாக மாறப்போவதாக அறிவித்தது. விவசாயி தன் நிலத்தில் நட்ட மரத்தை வெட்டாமல் காத்தால் மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் கூட்டுறவு வங்கி வழியே வட்டியில்லாக் கடன் தரும் ‘மர வங்கி’ அங்கே பிறந்தது. அவசரத்துக்கு மரத்தை விற்கும் சிறு விவசாயியின் கஷ்டம் தெரிந்த ஊராட்சிக்குத்தான் அப்படியொரு யோசனை வரும். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் தமக்கென்று தனித்தனியாகப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதின. எர்ணாகுளம் மாவட்டத்தின் காயலோர ஊர்களில் கடல் ஏற்றத்தின்போது வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பெண்கள் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் வெள்ள வரைபடமாகின்றன.

கேரளம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த மாவட்டத்தில் உள்ளூர் ஆய்வு மையம் ஒன்று ஊரூராக மழைமானி வைத்து அளந்துவந்தது. அருகிலுள்ள புத்துமலையில் 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. முந்தைய நாளே அந்த மையம் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகச் சொல்லியிருக்கிறது. அளவு கையில் இருந்தது. இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் இந்த வார்டைக் காலி செய்யலாம் என்று ஊராட்சியே முடிவெடுக்கும் அதிகாரமும், காலி செய்தவர்களைத் தங்கவைக்கப் பணமும் அந்த அளவோடு சேர்ந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி நெஞ்சை அறுக்கிறது. உள்ளூர் அறிவைச் சேகரிப்பது பாதி வேலை. அதன்மேல் செயல்பட உள்ளூருக்கு அதிகாரம் தருவதே மீதி.

உள்ளாட்சிகளை நம்பத் தயங்குபவர்களின் வாதத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏரியை மனைப்பிரிவாக்கியதில் ஊராட்சித் தலைவர்களுக்கும் பங்கில்லையா, மணல் லாரிக்கு வழிவிட்டவர்கள் யார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பல ஊர்களில் நடந்ததுதான் அது. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நடுவே குப்பைக் கிடங்கையும் அரசுக் கட்டடங்களையும் கொண்டுவந்தது ஊராட்சித் தீர்மானமா? மாநில அளவில் நடந்த தவறுக்காக மாநில அரசிடமிருந்து திட்டமிடும் அதிகாரத்தைப் பறிக்கச் சொல்வோர் யாருமில்லை. ஊராட்சியின் தவறுக்குக் கிராம சபைத் தணிக்கையும் தேர்தலும் மருந்து. தேர்தலையே நடத்தாமல் தவறு செய்கிறார்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. ஒவ்வோர் ஊரும் தன் ஊரை மட்டும் பார்க்கும். மேல்மடைக்காரர் கரையை உயர்த்தினால் கடைமடைக்காரர் மூழ்குவார். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தத் தண்ணீர் பல ஏரிகளைத் தாண்டி, பல ஊராட்சிகளின் எல்லை வழியாக அடையாற்றுக்கு வந்தது. இன்றைய கணக்கில் அந்த இரண்டு ஊர்களே இருவேறு மாவட்டங்களில் இருக்கின்றன. ஆகவே வட்டாரத் திட்டம் தேவை, படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் பொறியாளர் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் படுகையை ஒன்றாகப் பார்ப்பதற்காகப் படுகையில் வாழ்பவர்களை வெளியே நிறுத்த வேண்டியதில்லை. அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் போதும். அரசமைப்பின் 243 இசட்-டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை இதற்காகவே வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கிராமமும் நகரமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி அந்தக் குழு பேச வேண்டும் என்றுகூட அந்தப் பிரிவு சொல்கிறது. காலநிலை இயக்கத்தை அந்தக் குழுவோடு இணைக்கத் தடையொன்றும் இல்லை.

நெதர்லாந்தில் ஆற்றுக்கு இடம்விடும் பெருந்திட்டம் வந்தபோது நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 1995 வெள்ள அபாயத்தில் இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்ட பின், கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு ஆற்றை அகலவிட முடிவெடுத்தார்கள். வடக்கு பிரபாந்து மாகாணத்தின் ஓவர்டீப்ஸ் என்ற தாழ்நிலம் வெள்ளத்துக்குத் திறந்துவிடப்பட வேண்டிய பட்டியலில் இருந்தது. அங்கிருந்த பால்பண்ணை விவசாயிகள் தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் தந்தார்கள்: வெள்ளம் வரட்டும், ஆனால் கரையோரம் மண்மேடுகள் எழுப்பித் தாருங்கள், அதன்மேல் பண்ணையை மாற்றிக்கொண்டு இங்கேயே இருக்கிறோம் என்றார்கள். மாகாண அரசு அதை ஏற்றது. இடம் எல்லாருக்கும் போதாததால் சிலர் வெளியேற நேர்ந்தது. எட்டுப் பண்ணைகள் மேட்டில் ஏறின. ஆற்றுக்கும் இடம் கிடைத்தது. பொறியாளர்களின் முதல் வரைபடத்தில் இல்லாத தீர்வு அது. அந்த நாட்டில் நீர்வாரியங்கள் பல நூற்றாண்டுகளாகத் தேர்தல் நடத்தி, தாமே வரி விதித்து இயங்குபவை என்பதால், ஆற்றைப் பற்றி அரசோடு பேரம் பேசும் பழக்கம் ஊருக்கு இருந்தது.

பணமில்லாமல் இந்தப் பழக்கம் வராது. பதினைந்தாவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40-இல்தான் ஊராட்சி சொந்தமாக யோசிக்க முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு அந்த மானியமும் கிடைக்கவில்லை. கென்யாவின் வறண்ட மக்குவேனி மாவட்டம் 2015-லேயே தன் வளர்ச்சி நிதியில் ஒரு சதவீதத்தைக் காலநிலை நிதியாக விதிவகுத்து ஒதுக்கி, எந்தத் தடுப்பணை, எந்தக் குடிநீர் நிலை முதலில் என்று வார்டு அளவிலான குழுக்களை முன்மொழியச் சொன்னது. தமிழ்நாட்டின் நிதிவளத்துக்கு அந்த ஒரு சதவீதம் பெரிதல்ல. ஓர் ஒன்றியத்துக்கு நீரியல் தெரிந்த ஒரு பொறியாளரையாவது ஊராட்சிகளுக்குக் கட்டுப்பட்டவராக நியமிப்பதும் பெரிதல்ல. இன்று ஊராட்சிச் செயலர் ஒருவரும், பல ஊர்களுக்குப் பொதுவான ஓவர்சியர் ஒருவரும்தான் எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

நேரமும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 2022 முதல் சேர்க்கப்பட்ட மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1, வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வரும் உள்ளாட்சி நாள். மாவட்டக் காலநிலைத் திட்டத்தில் தன் ஊருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில், ஊர் வரைபடத்துடன் மார்ச் 22 கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். சபை சொல்லும் திருத்தத்துக்குத் துறைகள் அக்டோபர் 2-க்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்க முடியாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நவம்பர் 1 அன்று, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பதிலையும் வாய்க்காலின் நிலையையும் ஊர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நகரங்களில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. மழைநீர் வடிகாலின் வரைபடம் முதலில் அங்கே விரிக்கப்படட்டும். இவை எல்லாம் நடக்க அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உறுப்பினரும் பதில் சொல்லும் தலைவரும் நாற்காலியில் இருக்க வேண்டும். அதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள்கூடத் தள்ளாமல், உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும். தொகுதி மறுவரையறை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி போன்றவற்றைப் பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே மாநிலத் தேர்தல் ஆணையமும் அரசும் முடித்து வைத்தால், நீதிமன்றப் படிக்கட்டில் தேர்தல் நிற்கும் நிலை வராது.